வெத்து வேட்டு

டவுன்ல ஒரு ஆளைப் பார்த்து வெத்துவேட்டுன்னு சொன்னா சண்டைக்கு வந்துடுவார். எங்க பக்கம் அது ஒரு ராத்திரி வேலைங்க. கடலைக்காய் செடியில காய் பிடிச்ச நாள்ல இருந்து பிடுங்கி முடிக்கிற நாள் வரைக்கும் வெத்து வேட்டுப் போட்டாகணும். துப்பாக்கிக் குழாய்ல மருந்து மட்டும் கெட்டிச்சு, ரவை போடாம, ஆகாசத்தைப் பார்த்துச் சுடறது. ரவைன்னா உப்புமா ரவை இல்லைங்க, பொடி ஈயக் குண்டு. அது இல்லாத வேட்டுங்கறதால வெத்து வேட்டு. சத்தத்துக்குப் பன்னி ஓடும். ஓடணும்.

எங்க தோட்டம் சத்தியமங்கலம் பக்கம் மலையடிவாரத்துல. வேலியைத் தாண்டி ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டினா காடு. 2013-ல புலிகள் காப்பகம்னு அறிவிச்ச காடு அது. புலியை நான் பார்த்ததில்லை. பன்னியைப் பார்க்காத வாரம் இல்லை. ஒரு கூட்டம் உள்ள இறங்கிடுச்சுன்னா விடியறதுக்குள்ள கால் ஏக்கரை உழுது போட்டுடும். தின்னது பாதின்னா மூக்கால கிளறி வேரை வெளிய போட்டது மீதி. கிளறின செடி வெயில் பட்டா அன்னைக்கே சுருண்டுடும்.

வீட்டுல இருக்கிறது எங்க அப்பாரு காலத்துத் துப்பாக்கி. ஒத்தைக் குழாய், வாய் வழியா மருந்து கெட்டிக்கிற ரகம். அப்பாருக்கு அப்புறம் ஐயன் பேருக்கு லைசென்ஸ் மாறுச்சு, ஐயனுக்கு அப்புறம் என் பேருக்கு. லைசென்ஸ் புத்தகத்துல காரணம்னு இருக்கிற இடத்துல பயிர்ப் பாதுகாப்புன்னு எழுதியிருக்கு. இது யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது இல்லைங்க. 1959-ம் வருசத்து ஆயுதச் சட்டத்துலயே, நிஜமாவே பயிரைக் காப்பாத்தறதுக்குன்னு கேட்டா வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு தனியா ஒரு வரி இருக்குது. அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணுச்சுன்னா வேற ரகத் துப்பாக்கியும் கொடுக்கலாம்னு அதுக்குக் கீழயே இருக்கு. ஒரு வக்கீல் எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். தில்லியில சட்டம் எழுதின ஆளுக்கு நம்ம கடலைக்காட்டு நெனப்பு எப்படி வந்துச்சோன்னு ஆச்சரியமா இருந்துச்சு.

துப்பாக்கின்னதும் சினிமாவுல வர்ற மாதிரி பட பட பட்டுன்னு சுடறதை நெனச்சுக்காதீங்க. இது ஒரு வேட்டுக்கு அப்புறம் சும்மா கம்பிதான். மறுபடி கெட்டிக்க நெதானமான ஆளுக்கு ரெண்டு நிமிசம் ஆகும். குழாயை மேல் பார்க்க நிறுத்தி, மூங்கில் குப்பியில அளந்த கருமருந்தைக் கொட்டணும். அந்தக் குப்பி ஐயன் சீவினது, அதுக்கு மேல ஒரு சிட்டிகை போட விடமாட்டார். மேல தேங்காய் நாரைச் சுருட்டி உள்ள விட்டு, நீளக் கம்பியால அடிவரைக்கும் இறுக்கணும். மருந்துக்கும் நாருக்கும் நடுவுல சந்து இருக்கக்கூடாது. சந்து இருந்தா குழாயே வெடிக்கும். கடைசியாத்தான் பின்னால இருக்கிற முலையில கேப்பைப் பொருத்தறது. குதிரை வந்து கேப்பு மேல விழும், பொறி உள்ள போகும், மருந்து பத்தும்.

இருட்டுல, தூக்கக் கலக்கத்துல, கெட்டிச்சிருக்கா இல்லையான்னு மறந்துபோறது நடக்கக்கூடியது. கெட்டிச்சதுக்கு மேலயே மறுபடி கெட்டிச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. இதுக்காக எங்க அப்பாரு கம்பியில ரெண்டு கோடு அராவி வெச்சிருக்கார். கம்பியை உள்ள விட்டா, குழாய் காலியா இருந்தா மேல் கோடு வாய்க்கு நேரா நிக்கும். மருந்து இருந்தா கீழ் கோடு நிக்கும். விரலால தடவினாலே தெரியும், விளக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் போகாத மனுசன் அவர்.

சுட்டு முடிச்சா வேலை முடிஞ்சுடாது. கருமருந்து எரிஞ்ச கரி ஈரத்தை இழுக்கும். அப்படியே மூலையில சாத்தி வெச்சா பத்து நாள்ல குழாய் உள்ள துரு ஏறிடும். காலையில வெந்நீர் ஊத்திக் கழுவி, துணி கட்டின கம்பியால துடைச்சு, எண்ணெய் போடணும். மாட்டுச்சாலைக்கு முன்னால உக்காந்து இதைத்தான் ஒரு நாள் செஞ்சுட்டு இருந்தேன், தங்கச்சி மகன் போன்ல கூப்பிட்டான். முகம் தெரியற போன். அவன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். டவுனுக்கு வெளிய வீடு வாங்கியிருக்கான், பக்கத்துல ஒரு பெரியவர் மாடும் புல்லுக்காடும் வெச்சிருக்கார்.

"மாமா, எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாவும் இதே மாதிரிதாங்க மாமா, எந்நேரமும் எதையாச்சும் தேய்ச்சுட்டே இருப்பாரு. அவருக்கும் பன்னிதான் பிரச்சினை"ன்னான்.

நான் நம்பலை. அமெரிக்காவுல பன்னியான்னு கேட்டேன். அப்புறம்தான் சொன்னான். நூத்துக்கணக்கான வருசத்துக்கு முன்னால ஸ்பெயின்காரங்க கப்பல்ல கொண்டுவந்த வீட்டுப்பன்னி காட்டுக்குள்ள ஓடிப்போச்சு. பின்னால வேட்டைக்குன்னு கொண்டுவந்து விட்ட காட்டுப்பன்னியும் அதோட கலந்துருச்சு. இப்ப டெக்சாஸ் முழுக்க அதுதானாம். நம்ம பள்ளத்துல இருந்து ஏறி வர்றதும் அதுவும் விஞ்ஞானக் கணக்குல ஒரே இனம். அங்க 2019-ல இருந்து தனியார் நிலத்துல, நிலத்துக்காரர் சம்மதிச்சா, வேட்டை லைசென்ஸ் இல்லாமயே பன்னியைச் சுடலாமாம். சுட்டும் மாளலையாம். ஒண்ணைச் சுட்டா மிச்சம் அடுத்த காட்டுக்குப் போகும், அடுத்த வாரம் திரும்ப வரும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பெரியவரை போன்ல காட்டினான். எழுபது வயசு தாண்டின ஆளு, கை நம்ம கை மாதிரியே காய்ச்சுப் போயிருந்துச்சு. அவர்கிட்ட இருக்கிறது ஒரு ரிவால்வர், ரூகர் பிளாக்ஹாக்னு பேரு. ஒவ்வொரு தடவையும் குதிரையைக் கட்டைவிரலால பின்னால இழுத்துட்டுத்தான் சுடணும். ஜெய்சங்கர் கௌபாய் படத்துல பார்த்திருப்பீங்க, அந்தச் சாதி. ஆறு தோட்டா. பக்கத்துல ஒரு சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொண்ணா உள்ள விடணும், சுட்டப்புறம் ஒவ்வொண்ணா குச்சியால தள்ளி எடுக்கணும்.

அதுல அவர் போடற தோட்டா ரிவால்வருக்குன்னு பிறந்தது இல்லை. ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கப் பட்டாளத்துக்கு எம்1 கார்பைன்னு ஒரு சின்னத் துப்பாக்கி செஞ்சாங்க, 60 லட்சத்துக்கும் மேல. அந்தத் தோட்டா இது. ஒரு காலத்துல பட்டாளத்துல மிஞ்சினது சல்லிசா கிடைச்சுதாம், அதை நம்பித்தான் இந்த ரிவால்வரை வாங்கினாராம். இப்ப விலை ஏறிப்போச்சு. அதனால சுட்ட பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாம வீட்டுலயே மறுபடி கேப்பு, மருந்து, குண்டு வெச்சு கெட்டிக்கிறார். அங்க அது சட்டப்படி சரி, கடையிலயே சாமான் விக்கிறாங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது. அதைக் கேட்டதுல இருந்துதான் எனக்கு இதை எழுதணும்னே தோணுச்சு.

ஆணிக்குத் தலை இருக்குது, அதனால அடிச்சா ஓரளவுக்கு மேல உள்ள போகாது. நம்ம ஊர்ல 12 போர் துப்பாக்கித் தோட்டாவைப் பார்த்திருந்தீங்கன்னா அடியில பித்தளை விளிம்பு வெளிய தள்ளிட்டு இருக்கும், அந்த ஆணித்தலை மாதிரி. (12 போர்ங்கறது என்ன கணக்குன்னு பல பேருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை அந்தக் குழாய்க்குச் சரியா இருக்கும். அவ்வளவுதான்.) பழைய ரிவால்வர் தோட்டா எல்லாத்துக்கும் அந்த மாதிரி விளிம்பு உண்டு. அது தடுத்து நிறுத்தறதால தோட்டா துவாரத்துக்குள்ள நழுவாது. ஆனா கார்பைன் தோட்டாவுக்கு விளிம்பு வெளிய தள்ளாது. பட்டாளத் துப்பாக்கியில தோட்டாவை டப்பாவுல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறாங்க, விளிம்பு இருந்தா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும்.

அப்ப தலையில்லாத ஆணி ரிவால்வர் துவாரத்துக்குள்ள எங்க நிக்கும்? கூட்டோட வாய் ஓரம் இருக்குதே, குண்டைக் கவ்விட்டு இருக்கிற அந்தத் தகட்டு ஓரம், அது துவாரத்துக்கு உள்ள இருக்கிற ஒரு சின்னப் படியில போய் முட்டி நிக்குது. அம்புட்டுதான் பிடிமானம். கூடு நீளம் 33 மில்லிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. சுடச் சுடப் பித்தளை கொஞ்சம் கொஞ்சமா நீளும். நீண்டா பின்னால துருத்திட்டு உருளையைச் சுத்த விடாது. ரொம்ப வெட்டிட்டா தோட்டா உள்ள போயிடும், குதிரை விழுந்தும் கேப்பு வெடிக்காது. அதனால அவர் ஒவ்வொரு கூட்டையும் வெர்னியர் வெச்சு அளந்து, நீண்டதை மட்டும் சீவறார். கேப்பு கூட ஒரு இழை வெளிய தெரிஞ்சா உருளை உரசுமாம், அதையும் விரல் நுனியால தடவிப் பார்க்கறார்.

இன்னொரு இக்கட்டும் இருக்குது. ரிவால்வர் உதைக்கிற உதையில, சுடாம மிச்சம் இருக்கிற தோட்டாவுல குண்டு முன்னால நகரப் பார்க்கும். மத்த ரிவால்வர் தோட்டாவா இருந்தா கூட்டு வாயைக் குண்டுக்குள்ள சுருட்டி மடிச்சு இறுக்கிடுவாங்க. இதுல அந்த வாய் ஓரம்தான் முட்டு. அதைச் சுருட்டிட்டா முட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. லூசா விட்டா குண்டு நகரும். அதனால மடிக்காம, சுத்திலும் லேசா ஒரு அமுக்கு அமுக்கி விடறார். எவ்வளவு அமுக்குன்னு கேட்டேன். தங்கச்சி மகன் மொழிபெயர்த்தான். பெரியவர் ரெண்டு விரலைச் சேர்த்து வெச்சுக் காட்டினார். அதுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கலை. நாரை எவ்வளவு இறுக்கணும்னு நான் கேட்டப்ப ஐயனும் அப்படித்தான் காட்டினார்.

ஒரு சௌகரியமும் சொன்னார். தானா சுடற துப்பாக்கின்னா காலிக் கூட்டைப் புல்லுக்குள்ள வீசிடும், குனிஞ்சு தேடணும். ரிவால்வர்ல ஆறும் உருளைக்குள்ளயே இருக்கும், கைக்கு வந்துடும். சத்தம் மட்டும் பயங்கரமாம், அந்த மருந்து குட்டைக் குழாய்ல வெடிச்சா காதே கிழிஞ்சுடும், காது மூடி போடாம தொடமாட்டாராம். அதைக் கேட்டதுக்கு அப்புறம் நானும் பஞ்சு வெச்சுக்கறேன்.

கடைசியா அவர் ஒரு கேள்வி கேட்டார், நீங்க இதுவரைக்கும் எத்தனை சுட்டிருக்கீங்கன்னு. ஒண்ணும் இல்லைங்க, நாங்க குண்டு போடாமச் சுடறோம், காட்டுப்பன்னியை நாங்களாச் சுட்டா இங்க கேஸ் ஆகிடும்னேன். தங்கச்சி மகன் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், குண்டு இல்லாமச் சுட்டா ஓடுதான்னார். நாலு நாளைக்கு ஓடும், அஞ்சாம் நாள் பழகிடும், அப்ப இடத்தையும் நேரத்தையும் மாத்திச் சுடணும்னேன். மண்டையை ஆட்டினார். அவர் கெட்டிக்கிறது கொல்றதுக்கு, நான் கெட்டிக்கிறது விரட்டறதுக்கு. ரெண்டு பேர் காட்டுலயும் பன்னி இருக்குது.

இங்க சட்டம் இப்ப எப்படின்னா, 2025 ஜனவரியில நம்ம அரசாங்கம் ஒரு கணக்குச் சொல்லுச்சு. காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கூண்டு வெச்சுப் பிடிச்சுக் காட்டுல விடணும். மூணுக்கு மேலன்னா வனத்துறை ஆளுங்க சுடலாம். பக்கத்துக் கேரளாவுல 2022-லயே பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு உத்தரவு போடற அதிகாரத்தைக் கொடுத்துட்டாங்க. எங்க தோட்டம் அந்த முதல் கிலோமீட்டர்ல வருது. அது நியாயமா இல்லையான்னு நான் வாதாட வரலை, காட்டுக்குப் பக்கத்துல குடியிருந்தா காட்டுச் சட்டம்தான். ஆனா எங்களுக்குன்னு மிஞ்சினது விரட்டற வேலை மட்டும்தான்.

விரட்டறதுக்கு ஊர்ல எல்லா வித்தையும் பார்த்தாச்சு. பழைய சேலையை வேலி மாதிரி சுத்திக் கட்டறாங்க, சலூன்ல இருந்து மயிரை அள்ளிட்டு வந்து தூவறாங்க, பழைய பாட்டிலைக் கட்டித் தொங்கவிடறாங்க. ஒவ்வொண்ணும் கொஞ்ச நாளைக்கு. எனக்கு ஆகவே ஆகாதது ரெண்டு. ஒண்ணு கம்பியில நேரா கரண்ட் விடறது. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி விட்ட கரண்ட்ல மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி மட்டும் பக்கத்துல நின்னுட்டு இருந்துச்சு. பேப்பர்ல போட்டோ பார்த்திருப்பீங்க. இன்னொண்ணு அவுட்டுக்காய். தின்கிற பண்டத்துக்குள்ள வெடி மருந்தை வெச்சுடறது, கடிச்சா வாய்ல வெடிக்கும். பன்னிக்கு வெச்சதை யானை கடிச்சு, தாடை பேந்து, தண்ணி கூட குடிக்க முடியாம நாள்கணக்கா நின்னு சாகும். மேய்ச்சலுக்குப் போன மாடும் கடிச்சிருக்கு. 2020-ல பாலக்காட்டுப் பக்கம் சினையா இருந்த யானை அப்படித்தான் செத்துச்சு.

ரெண்டுலயும் எனக்குப் பிடிக்காதது, வெச்ச ஆள் வீட்டுல தூங்கிட்டு இருப்பான். வர்றது பன்னியா, யானையா, அடுத்த தோட்டத்துப் பையனான்னு பார்க்கறதுக்கு அங்க ஒரு ஆள் இல்லை. துப்பாக்கிக்கு ஆள் முழிச்சிருக்கணும். அதுவும் எங்க துப்பாக்கிக்கு ஒவ்வொரு வேட்டுக்கும் ரெண்டு நிமிசம் நின்னு யோசிக்க வெச்சுடும். நார் பொறியோட போய் விழுந்தா காஞ்ச புல் பத்திக்கும், அதனால சுடற பக்கம் என்ன இருக்குன்னும் பார்த்தாகணும்.

இப்ப விசயம் என்னன்னா, லைசென்ஸ் புதுப்பிக்கிற வருசம் இது. முன்னெல்லாம் மூணு வருசத்துக்கு ஒருக்கா, 2019-ல சட்டம் மாறினதுக்கு அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. மகன் திருப்பூர்ல இருக்கான். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடுங்கப்பா, எதுக்கு இந்தத் தொல்லை, மாசத்துல பாதி நாள் ராத்திரி முழிக்கறீங்க"ங்கறான். தப்புச் சொல்ல முடியாது. அவன் பேருக்கு மாத்திக்கவும் அவனுக்கு ஆசை இல்லை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரத் தம்பிக்கு நம்ம பையன் வயசுதான், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது இன்னும் வெடிக்குதாங்க?"ன்னு கேட்டுச்சு. வெடிக்கும் தம்பின்னேன்.

ஆனா ஒப்படைக்கிறதுன்னா ஒரேயடியா ஒப்படைக்கிறதுதான். சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள புதுசா லைசென்ஸ் கொடுக்கணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் சம்மதம் வேணும்னு வன உயிரினச் சட்டம் சொல்லுது. எனக்கு அப்புறம் இந்தப் பள்ளத்து ஓரத்துல யாராச்சும் கடலைக்காய் போடணும்னு நெனச்சா, அவனுக்கு லேசுல கிடைக்காது. அப்ப அவன் எதைத் தேடிப் போவான்னு எனக்குத் தெரியும். அதனால விண்ணப்பம் கொடுத்துட்டேன். மகன்கிட்ட இன்னும் சொல்லலை, இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.

இதுல இன்னொரு கூத்தும் இருக்குது. தேர்தல் தேதி அறிவிச்சா துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனுக்குப் போயிடணும், ஓட்டு எண்ணி முடிச்சுத்தான் வீட்டுக்கு வரும். 2019-ல மார்ச் 10-ல இருந்து மே 23. 2021-ல பிப்ரவரி 26-ல இருந்து மே 2. 2024-ல மார்ச் 16-ல இருந்து ஜூன் 4. மார்கழியில விதைச்ச இறவைக் கடலைக்காய் காய் முத்திப் பிடுங்கற நாளும் பங்குனி சித்திரைதான். பன்னிக்கு இது எப்படித் தெரியும்னு சொல்ல முடியாது, ஆனா மூணு தேர்தலுக்கும் சரியா வந்துச்சு. அந்த மாசங்கள்ல தகர டின்னைத் தட்டிட்டு நானும் வீட்டுக்காரம்மாவும் மாத்தி மாத்தி முழிச்சோம்.

2026-ல சட்டசபைத் தேர்தல். அதனால இந்தத் தடவை மார்கழி வரைக்கும் நிக்கலை. மழை விட்டதும் கார்த்திகையிலயே விதைச்சு, மாசி கடைசிக்குள்ள பிடுங்கிடலாம்னு இருக்கோம். குளிர்ல முளைப்பு கொஞ்சம் தாமதமாகும், விதை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடப் போடணும். வீட்டுக்காரம்மா மூணு நாளா திண்ணையில உக்காந்து விதைக்காய் உரிச்சுட்டு இருக்குது. நானும் போய் உக்காரணும், இன்னும் ரெண்டு மூட்டை கிடக்கு.